சத்தம் வரக்கூடாத டப்பா

எங்கள் சமையலறையில், உப்பு ஜாடி இருக்கும் தட்டுக்கு மேல்தட்டில் ஒரு தகர பிஸ்கட் டப்பா இருக்கிறது. என் நாத்தனார் எப்போது வந்தாலும், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராகச் சமையலறைக்குப் போய் முதலில் அதைத்தான் எடுப்பார். காதோரம் வைத்து இரண்டு ஆட்டு ஆட்டுவார். சத்தம் வராது. எடுத்த இடத்தில் வைத்துவிட்டு, "ம், டீ போடு" என்பார். மூன்று வருடமாக இதே கதைதான். தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து டப்பாவை ஆட்டுகிற ஒரே விருந்தாளி உலகத்திலேயே அவராகத்தான் இருப்பார். அதற்குப் பதிலாக என்னை உட்கார வைத்து நாலு வார்த்தை நன்றாகத் திட்டியிருந்தால், நானும் அழுது முடித்துவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பேன்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். படிப்புப் போன இடத்தில் கவலை வந்து உட்கார்ந்துகொண்டது என்று நினைக்கிறேன். காஸை மூடினேனா என்று தெருமுனை வரை போய்த் திரும்பி வருவேன். ஒரகடம் சாலையில் கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தால், கம்பெனி பஸ்ஸில் போன என் வீட்டுக்காரர் நினைவு வந்து வாசலுக்கு ஓடிவந்து நிற்பேன். சேரப்பணஞ்சேரிக்கு நான் மருமகளாக வந்த முதல் மாதத்திலேயே நாத்தனார் எனக்குப் பெயர் வைத்துவிட்டார். "எல்லா கம்பெனியும் மூணு ஷிஃப்டு ஓடுது. எங்க வூட்ல ஒரு கவலை கம்பெனி கீது, அது நாலு ஷிஃப்டு ஓடுது" என்று பால்காரரிடம்கூடச் சொல்லி வைத்திருந்தார். அவர் என் கணவருக்கு அக்கா. கட்டிக்கொடுத்த இடம் ஒத்துவராமல் திரும்பி வந்து எங்களோடு இருந்தவர். நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன்.

அந்த டப்பா என் கவலைக்குப் பிறந்த பிள்ளை. காய்ச்சலுக்கு வாங்கியதில் மிஞ்சிய இரண்டு, பல்வலிக்கு வாங்கியதில் மிஞ்சிய ஒன்று, பேதிக்கு வாங்கி அதற்குள் நின்றுபோனதால் அப்படியே கிடந்த நாலு என்று எல்லா மாத்திரையும் அதில் போகும். தூக்கிப் போட மனசு வராது. நாளைக்கே யாருக்காவது முடியாமல் போய், கடையும் மூடியிருந்தால் என்ன செய்வது? எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் இப்படி ஒரு டப்பாவோ கவரோ உண்டு. பக்கத்து வீட்டில் தலைவலி என்றால் வந்து கேட்பார்கள், நானும் எடுத்துக் கொடுப்பேன். வெள்ளை, மஞ்சள், பெரியது, சின்னது என்று நிறத்தையும் அளவையும் வைத்து அடையாளம் சொல்லுவேன். மருந்துக்கடையில் அட்டையைக் கத்தரியால் வெட்டி வேண்டிய அளவுக்குத்தான் கொடுப்பார்கள். பெயர் ஒரு துண்டிலும் தேதி இன்னொரு துண்டிலும் போய்விடும். அதனால் என்ன, எனக்குத்தான் தெரியுமே என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணி சுங்குவார்சத்திரம் பக்கத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் லீடர். சின்னச் சின்ன போர்டுகளில் பழுது இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும் லைன். கோட்டு, தொப்பி, முகமூடி, கையுறை என்று எல்லாம் போட்டுவிட்டால் வெளியே தெரிவது இரண்டு கண்கள் மட்டும்தான். பாத்ரூம் போகவேண்டுமானால் இடத்தில் நிற்க இன்னொரு ஆள் வரவேண்டும், கோட்டைக் கழற்றவேண்டும், வந்து திரும்ப மாட்டவேண்டும். அத்தனை தொல்லைக்கு அண்ணி கண்டுபிடித்த ஒரே வழி, தண்ணீரே குடிக்காமல் இருப்பது. நான் காலையில் பாட்டிலை நிரப்பிக் கொடுப்பேன். சாயங்காலம் அதே பாட்டில் அதே தண்ணீரோடு திரும்பி வரும். "மெட்ராஸ் மொத்தமும் இங்க இருக்கிற செம்பரம்பாக்கம் ஏரியைக் குடிக்குது. நீங்க ஒரு பாட்டில் குடிக்கமாட்டீங்களா அண்ணி?" என்று கத்துவேன். "நான் குடிச்சிட்டு ஓடிக்கினு இருந்தா லைன யாரு பாக்குறது, நீ வந்து பாக்குறியா?" என்பார். லைன் ஒரு நாள் இவர் இல்லாமல் நின்றுவிடுமாம்! அந்த லைன் இன்றைக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

நீர்க்கடுப்பு வராமல் என்ன செய்யும்? வந்தது. டாக்டரிடம் போகச் சொன்னால் லீவு கிடைக்காது என்றார். பஸ் இறங்குமிடத்தில் இருந்த மருந்துக்கடையில் போய்ச் சொன்னார். கடைக்காரரும் எதுவும் கேட்காமல் பத்து மாத்திரையை வெட்டி, காலை ஒன்று மாலை ஒன்று என்று கோடு போட்ட காகித உறையில் போட்டுக் கொடுத்தார். மூன்று நாளில் கடுப்பு நின்றது, அண்ணியும் மாத்திரையை நிறுத்திவிட்டார். ஆனால் அதே வாரம் அவர் உதட்டில் கொப்புளமும் வாய்க்குள் புண்ணும் வந்தன. எல்லாரும் உடம்புச் சூடு என்றோம். தூக்கமில்லை, எண்ணெய் தேய்த்துக் குளிப்பதில்லை, சூடு ஏறாமல் என்ன செய்யும் என்று நானே வெந்தயத்தை ஊறவைத்துக் கொடுத்தேன். ஆறிப்போனது. உறையில் மிச்சமிருந்த நாலு மாத்திரையை மடித்து டப்பாவில் போட்டு வைத்தேன். உடம்பு மரியாதையாகக் கொடுத்த எச்சரிக்கைக்கு வெந்தயம் கொடுத்து அனுப்பிவிட்டு, எமனைப் பத்திரமாக மூடி வைத்த புத்திசாலி நான்தான்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை காலை. பஸ்ஸுக்குக் கால் மணி நேரம் இருந்தது. அண்ணி அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றார். "திரும்ப அதே கடுப்புமே. கடையும் தொறந்திருக்காது" என்றார். எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. எத்தனை வருடமாகச் சேர்த்து வைத்தது, உதவுகிற நேரம் வந்துவிட்டது! தாவி டப்பாவை இறக்கினேன். "அதே மாத்திரை, நாலு கீது" என்று பெருமையாக எடுத்து, நானே தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். அண்ணி முழுங்கிவிட்டு, "பரவால்லமே, உன் கம்பெனிலயும் ஏதோ புரொடக்‌ஷன் நடக்குது" என்று என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். சாயங்காலம் ஒன்று, மறுநாள் காலை ஒன்று. அதையும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவரைக் கம்பெனி ஜீப்பிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கண் இரண்டும் மிளகாய் போலச் சிவந்திருந்தது. மெட்ராஸ் ஐ, லைன் முழுக்கப் பரவிவிடும், வீட்டில் இருக்கட்டும் என்று கம்பெனி நர்ஸ் சொன்னாராம். முகமூடியைக் கழற்றச் சொல்லி வாயைப் பார்க்க அந்த நர்ஸுக்குத் தோன்றவில்லை. இவரும் காட்டவில்லை. காலையிலிருந்தே வாய் எரிகிறது என்பதை வீட்டுக்கு வந்து பாயில் விழுந்த பிறகுதான் சொன்னார். உடம்பு அனலாகக் கொதித்தது.

சனிக்கிழமை காலை கழுத்திலும் மார்பிலும் சிவப்புத் திட்டுகள், அதன் நடுவில் கொப்புளம். மாமியார் வந்து ஒரு பார்வை பார்த்தார். உடனே கைகூப்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அம்மா வந்துகீறா" என்றார். அவ்வளவுதான், அதற்கு மேல் வீட்டில் பேச்சு கிடையாது. வாசலில் வேப்பிலை சொருகியாயிற்று. தாளிக்கக்கூடாது, வெளியாள் வரக்கூடாது, முக்கியமாக மருந்து மாத்திரை கூடாது. வேப்பிலை பரப்பிய வெள்ளைத் துணியில் அண்ணியைப் படுக்க வைத்தார்கள். எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. என் தம்பிக்கு அம்மை போட்டபோது பக்கத்திலேயே இருந்தவள் நான். அது நீர் கோத்துத் துளித்துளியாக வரும். இது திட்டுத்திட்டாகக் கறுத்துக்கொண்டு வந்தது. உதடு முழுக்கத் தோலுரிந்து ரத்தம் கட்டியிருந்தது. "அத்தை, இது அம்மை மாதிரி தெரியலையே" என்றேன். "நீ ஆரம்பிச்சிட்டியா? சாமி விஷயத்துல உன் கவலைய காட்டாத" என்றார். வீட்டுக்காரரும் ஷிஃப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், "அம்மா சொல்றது கேளு. நீ எதுக்குத்தான் பயப்படல?" என்றார். எப்போதும் கத்துகிற வாய்க்கு, உண்மையிலேயே கத்தவேண்டிய நாளில் மதிப்பில்லை. அது என் தலையெழுத்து.

ஆனால் நான் மட்டும் என்ன கிழித்துவிட்டேன்? அன்று மத்தியானம் அண்ணி என்னைக் கிட்டே கூப்பிட்டார். வாயைச் சரியாகத் திறக்க முடியவில்லை. "மூத்திரம் போனா உயிரு போவுதுமே. அந்த மாத்திரை கீதா?" என்றார். எரிச்சல் அதிகமாகிவிட்டது, அதனால் மாத்திரையும் வேண்டும் என்று அவர் நினைத்தார். நானும் அப்படியே நினைத்தேன். அந்த இடத்திலும் உள்தோல் வெந்துகொண்டிருந்தது என்பதும், அந்த எரிச்சலே மாத்திரையால் வந்தது என்பதும் எங்கள் இரண்டு பேருக்கும் எப்படித் தெரியும்? மாமியார் கொல்லைப்பக்கம் போன நேரம் பார்த்து, கடைசி மாத்திரையை முந்தானையில் மறைத்துக் கொண்டுபோய், பொடித்துத் தேனில் குழைத்து அவர் நாக்கில் தடவினேன். மாத்திரை கூடாது என்று சொன்ன கிழவியை ஏமாற்றிவிட்ட பெருமை வேறு எனக்கு. அந்த வீட்டில் அன்றைக்குச் சொல்லப்பட்ட ஒரே சரியான பேச்சு, மாத்திரை கூடாது என்று அவர் சொன்னதுதான். காரணம் தப்பாக இருந்தாலும் பேச்சு சரி. அதையும் நான் கெடுத்தேன். தீர்ந்துபோன அட்டைத் துண்டைத் தூக்கிப் போடாமல் பர்ஸில் வைத்துக்கொண்டேன். எதற்கு? அதையே காட்டி இன்னும் பத்து வாங்கிவரலாம் என்று!

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், வேப்பிலை போட்டுக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் மெல்லிய துணியை நனைத்து அவர் தோளில் ஒற்றி எடுத்தேன். துணியோடு தோல் வந்தது. வெந்த உருளைக்கிழங்கைத் தொட்டால் தோல் நழுவி வருமே, அப்படி வந்தது. அண்ணி கத்தவில்லை. கத்த முடியாதபடி வாய் ஒட்டியிருந்தது. அவருக்கும் சேர்த்து நான் கத்தினேன். மாமியார் ஓடிவந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அம்மா வீட்டில் இருக்கும்போது வாசப்படி தாண்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்று குறுக்கே நின்றார். "ஆகாட்டி எனக்கு ஆகாம போவட்டும் அத்தை, வழிய வுடுங்க" என்றேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவரை நான் எதிர்த்துப் பேசியது அன்றைக்குத்தான். அவர் நிலைக்காலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருப்பதை அப்போதுதான் பார்த்தேன். என்னைவிட அவர்தான் அதிகமாகப் பயந்திருந்தார். மகளைச் சாமியிடம் கொடுத்துவிட்டால் சாமி பார்த்துக்கொள்ளும் என்கிற ஒரே தைரியத்தில் நின்றுகொண்டிருந்தார். உள்ளேயிருந்து அண்ணி சுவரில் இரண்டு தட்டுத் தட்டினார். போய்ப் பார்த்தால், கண் திறக்க முடியாமல், போகலாம் என்று கையைக் காட்டினார். மாமியார் நகர்ந்துகொண்டார்.

நூற்றெட்டு வண்டி வந்தது. முதலில் போன ஆஸ்பத்திரியில் பார்த்தவுடனே சென்னைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ஒரு சின்ன வயது டாக்டரம்மா, அண்ணியின் உடம்பைத் தொடாமலேயே குனிந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "என்ன மாத்திரை சாப்பிட்டாங்க?" என்பதுதான். "எதுவும் இல்ல மேடம்" என்றேன். "ஒரு மாசத்துக்குள்ள? காய்ச்சலுக்கு, வலிக்கு, ஏதாவது?" "இல்ல மேடம், அம்மைன்னு நெனைச்சோம்." அவர் குரலை உயர்த்தவில்லை. "இது அம்மை இல்லம்மா. ஏதோ ஒரு மருந்து இவங்க உடம்புக்கு ஒத்துக்கல. தோலு, வாய், கண்ணு எல்லாத்தையும் உள்ளேருந்து உரிச்சிக்கிட்டு வருது. எதுன்னு தெரிஞ்சாதான் அதையும் அது மாதிரி மருந்தையும் நாங்க குடுக்காம இருக்க முடியும். தெரியாம இங்க நாங்களே அதைக் குடுத்துட்டோம்னா இவங்களைக் காப்பாத்த முடியாது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். மூன்றாம் தடவை. நாள் பூராவும் எல்லாவற்றுக்கும் பயந்து செத்த நான், என் பெயர் வெளியே வந்துவிடுமே என்கிற பயத்தை மட்டும் விட முடியாமல் அங்கே நின்றேன். அண்ணி உயிர் ஒரு பக்கம், என் மானம் ஒரு பக்கம். யோசிக்க அதில் என்ன இருக்கிறது? ஆனாலும் யோசித்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு பர்ஸைத் திறந்து அந்த அட்டைத் துண்டை எடுத்து நீட்டினேன். கத்தரித்ததில் பாதிப் பெயர்தான் இருந்தது. டாக்டரம்மா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சல்பா" என்றார். "யாரு குடுத்தது இதை?"

நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து சத்தம் வந்தது. ஒட்டிப்போயிருந்த உதட்டைப் பிய்த்துக்கொண்டு, ரத்தத்தோடு, அண்ணி சொன்னார். "நானே... கடைல வாங்கனேன்."

கடையில் அவர் வாங்கியது நிஜம்தான். அதற்கப்புறம் நடந்தது அந்த வார்த்தைக்குள் மறைந்துபோனது. யார் கேட்டார்கள் அவரை? அந்த வாயால் பேசச் சொல்லி யார் அழுதார்கள்? தண்ணீர் குடி என்றால் குடிக்கமாட்டார், லீவு போடு என்றால் போடமாட்டார், பேசாதே என்றால் பேசுவார். அப்படி ஒரு பிறவி.

நெருப்பே படாதவரைத் தீக்காய வார்டில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு மாதத்துக்கு மேல் இருந்தோம். இமை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க தினமும் கண்ணைப் பிரித்துச் சொட்டு மருந்து விட்டார்கள். தோல் திரும்ப வந்தது, புதுத் தோல், திட்டுத்திட்டாக. உயிரும் வந்தது. கண் மட்டும் முழுசாகத் திரும்பவில்லை. கண்ணீர் சுரக்கிற இடமெல்லாம் வெந்துவிட்டதாம். வெயில் பட்டால் கூசும், எழுத்து கலங்கும், மணிக்கு ஒரு தடவை சொட்டு மருந்து விடவேண்டும். பூதக்கண்ணாடி வைத்துப் பழுதைத் தேடுகிற லைனில் அவருக்கு இனி என்ன வேலை? இப்போது சுங்குவார்சத்திரத்தில், தென்மாவட்டத்திலிருந்து வேலைக்கு வந்த பெண்கள் தங்கும் ஒரு ஆஸ்டலில் வார்டனாக இருக்கிறார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, வேலைக்குக் கிளம்புகிற ஒவ்வொரு பெண்ணின் தண்ணீர் பாட்டிலையும் தூக்கிப் பார்க்கிறாராம். என் பேச்சை ஒரு நாள் கேட்டிருந்தால், இப்படி ஊரார் பாட்டிலைத் தூக்கிப் பார்க்க வேண்டியிருக்காது.

அண்ணி குணமானதற்கு மாமியார் கோயிலில் கூழ் ஊற்றினார். அம்மாதான் வந்து, அம்மாதான் இறங்கிப் போனாள் என்று இன்றைக்கும் சொல்கிறார். மருந்துக்கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். "எத்தினியோ பேருக்குக் குடுத்துகீறேன், யாருக்கும் ஒண்ணும் ஆவலயே" என்றார். அதுவும் உண்மைதான். டாக்டரம்மாகூட இது அபூர்வம் என்றுதான் சொன்னார். அபூர்வமானது எங்கள் வீட்டு விலாசத்தைத் தேடிக்கொண்டு வந்தால் நான் யாரைப் போய்க் கேட்பது? வீட்டுக்கு வந்த அன்றே டப்பாவிலிருந்த அத்தனையையும் கொட்டிக் குழிதோண்டிப் புதைத்தேன். டப்பாவைத் தூக்கிப் போடப் போனபோது அண்ணி தடுத்தார். "அது அங்கயே இருக்கட்டும், காலியா" என்றார். அன்றிலிருந்துதான் அந்த ஆட்டல்.

ஆஸ்பத்திரியில் ஒரு அட்டை கொடுத்திருந்தார்கள். இவருக்கு எந்தெந்த மருந்து ஆயுசுக்கும் கூடாது என்று எழுதியது. பிளாஸ்டிக் உறை போட்டு அவர் கைப்பையில் வைத்தேன். அடுத்த வாரமே என் தலையணைக்குக் கீழே இருந்தது. திரும்ப வைத்தேன், திரும்ப வந்தது. பல் பிடுங்கப் போனால், சளி பிடித்தால், அங்கிருந்தே எனக்குப் போன் போட்டு, "அந்த மாத்திரை பேர சொல்லுமே, டாக்டர் கேக்குறாரு" என்பார். "அட்டைய கைல வெச்சிக்கினா இன்னா அண்ணி உங்களுக்கு?" என்று ஒரு நாள் கத்திவிட்டேன். "வெச்சிக்கினா படிக்கணுமே" என்றார். அதற்குப் பிறகு நான் கேட்பதில்லை. எட்டாவதில் ஒரு பாட்டுகூட மனப்பாடம் செய்யாத நான், அந்த அட்டையிலுள்ள வாயில் நுழையாத மருந்துப் பெயர் அத்தனையையும் வரிசை மாறாமல் சொல்லுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்தார். வழக்கம்போலச் செருப்பைக் கழற்றினார், சமையலறைக்குப் போனார். நான் பாலை அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தேன். டப்பாவை எடுத்து ஆட்டினார்.

உள்ளே ஏதோ கலகலவென்றது.

நான் திரும்பினேன். அவர் ஆட்டிய கையை இறக்காமல் அப்படியே நின்றார். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவர் என்ன பார்க்கிறார் என்று தெரியவில்லை. மூடியைத் திறந்து உள்ளங்கையில் கொட்டினார். கத்தரித்த அட்டையில் மூன்று மாத்திரை. நான் சத்தியமாகப் போடவில்லை. கூடத்திலிருந்து மாமியார்தான் குரல் கொடுத்தார். "அது என் முட்டி வலிக்கு வாங்குனதுடி. மிச்சம் கீது, தூக்கிப்போட மனசு வரல. யாருக்காவது ஒதவும்னு..."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கரண்டியைப் போட்டு உடைத்திருப்பேன். மூன்று வருடம், போய்த் திரும்பிய ஒரு உயிர், இரண்டு கண் என்று இத்தனைக்கும் பிறகு யாருக்காவது உதவுமாம்! அண்ணி அட்டையை என் பக்கம் நீட்டி, "இன்னா போட்டுகீது, படி" என்றார். வாங்கிப் பார்த்தேன். கத்தரி நடுவில் போயிருந்தது. பாதிப் பெயர்தான் இருந்தது.

"தெரியல அண்ணி" என்றேன்.

அவர் அதைத் திரும்ப வாங்கி, தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். காலி டப்பாவை மூடி, இன்னொரு தடவை காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு மேல்தட்டில் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"இன்னாமே, கவலை கம்பெனிக்கு லீவு வுட்டுட்டியா?"

அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது.